காற்று மாசை அளக்கப் போகும் மகள்: திருகோணமலைப் பெற்றோர் ஒருவருக்குப் பதில்

உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கும் மகள் காற்று மாசு ஆய்வுக்குப் போக ஆசைப்படுகிறா, புகைக்குள் நின்று சாகிற வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை அம்மா, அதில் பெரும்பகுதி மேசையில் போடும் திட்டம்தான். தெரிந்த அளவு வாயுவை ஓரிடத்தில் விட்டு, காற்றுப் போகும் பக்கத்தில் அது எவ்வளவு ஐதாகிறது என்று பார்ப்பார்கள்.

1956இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் நடந்த ‘பிரெய்ரி கிராஸ்’ பரிசோதனையில், வாயு விடும் இடத்தைச் சுற்றி 50 முதல் 800 மீற்றர் வரை ஐந்து வில் வடிவ வரிசைகளில் கருவிகளை நிறுத்தினார்கள். உள் வரிசைகளில் 2 பாகைக்கு ஒன்று. ஏன் இவ்வளவு நெருக்கம்? சாதாரண காற்றில் 100 மீற்றர் தள்ளிப் புகைத்தாரையின், அதாவது காற்றோடு நீளும் வாயுப் பட்டையின், அகலம் ஏறக்குறைய 35 மீற்றர். 10 பாகைக்கு ஒன்று வைத்தால் இடைவெளி 17 மீற்றர். தாரைக்குள் இரண்டு கருவிதான் அகப்படும், உச்சம் எங்கே என்று தெரியாது. காற்றடங்கிய இரவில் தாரை பாதியாகச் சுருங்கி இடுக்கால் நழுவியே போய்விடும்.

நேரக்கணக்கும் பிழைக்கும். காற்று விநாடிக்கு 2 மீற்றர் என்றால் 800 மீற்றரைத் தொட ஏழு நிமிடமாகும்; அதற்கு முன் காற்று மாதிரி பிடிக்கும் பையை நிரப்பினால் வெறுங்காற்றுத்தான். வாயு எவ்வளவு போனது என்பதற்குச் சிலிண்டரை முன்னும் பின்னும் நிறுக்க வேண்டும். சிலிண்டரைத் திறந்த ஆள் மாதிரிப் பையைத் தொடவே கூடாது. இப்போது பயன்படும் சல்பர் ஹெக்சாபுளோரைட் என்ற வாயுவை மிக நுண்ணிய அளவிலும் கண்டுபிடிக்கலாம் என்பதால் கையுறையில் ஒட்டியதே முடிவைக் கெடுத்துவிடும். வெப்பமேற்றுவதில் அது காபனீரொட்சைட்டைவிட 20,000 மடங்குக்கு மேல். கண்டபடி திறந்துவிடும் சாமானில்லை.

மகளின் ஆர்வம் உண்மையானதா என்று பார்க்கச் செலவில்லாத வழி உண்டு. தரையிலிருந்து கடலுக்கு வீசும் கச்சான் காற்றுக் காலத்தில் ஒரு நாள் நிலாவெளிக் கரையில், மரமும் கட்டடமும் மறைக்காத இடத்தில், இரண்டு மீற்றர் மூங்கிலில் மெல்லிய றிபன் கட்டி, திசைகாட்டியால் நிமிடத்துக்கொரு முறை திசையைக் குறிக்கட்டும். காலை ஒரு மணித்தியாலம், பிற்பகல் ஒரு மணித்தியாலம். இரண்டுக்கும் நியம விலகல் (திசை எவ்வளவு அலைகிறது என்ற அளவு) கணித்து, வில் வரிசையை எந்தப் பக்கம் போடுவா என்று கேளுங்கள். கடற்காற்று எதிர்த்துப் புகுந்தால் காலையில் போட்ட திட்டம் பிற்பகலில் செல்லாது. அலுத்துவிட்டால் இந்தத் துறை வேண்டாம்.

இலங்கையில் இந்த வேலைகள் குறைவு, அதை மறைத்துப் பயனில்லை. சுற்றாடல் தாக்க மதிப்பீடு, காற்றுத் தரக் கண்காணிப்பு என்பவைதான் வழமையான வழி. மத்திய சுற்றாடல் அதிகார சபை, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், வளிமண்டலவியல் திணைக்களம் ஆகியவற்றின் ஆட்சேர்ப்பு அறிவித்தல்களைப் பார்த்துவாருங்கள். 2016இல் கைவிடப்பட்ட சம்பூர் நிலக்கரி மின்நிலையம் போன்ற திட்டங்களில், புகை எந்த ஊரில் இறங்கும் என்று சொல்ல வேண்டியவர்கள் இந்தத் துறைக்காரர்கள்தான். பட்டத்துக்குப் பௌதிகவியல், அல்லது மொறட்டுவை, பேராதனையில் இரசாயனப் பொறியியல். எதை எடுத்தாலும் புள்ளிவிபரவியலும் பைதன் என்ற கணினி மொழியும் கூடவே வேண்டும்.