பரணில் கிடக்கும் ஹாட்வீல்ஸ் கார்கள்: விற்கலாமா?

நண்பரே, பரணில் கிடக்கும் அறுபது ஹாட்வீல்ஸ் கார்களை, அதாவது அந்தச் சின்ன உலோகப் பொம்மைக் கார்களை, விற்கலாமா, மகனுக்கு வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வீடு மாறும்போது அம்மா சொல்கிறார்கள் என்பதற்காக அறுபதையும் மொத்தமாக மூவாயிரத்துக்குத் தள்ளிவிடாதீர்கள், ஒரு வாரம் பொறுங்கள். முதலில் ஒவ்வொன்றையும் திருப்பி அடிப்பகுதியைப் பாருங்கள். அதில் இருக்கும் வருடத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது அந்தக் கார் மாடலின் வடிவமைப்புக்கு உரிமை பதிந்த வருடம், கார் செய்த வருடம் இல்லை. லியோ (முன்பு இங்கே ஹாட்வீல்ஸ் செய்த நிறுவனம்), இந்தியா என்று இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள், அந்தக் காலத்தில் இங்கேயே தயாரான கார்களைத் தேடி வாங்க ஆள் இருக்கிறது. ரப்பர் டயர் இருப்பவற்றையும் தனியாக. பெயிண்ட் உதிர்ந்த சாதாரண கார்களுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது, அதற்காக நெயில் பாலிஷ் அடித்து வைக்காதீர்கள், இருக்கிற மதிப்பும் போய்விடும்!

அப்புறம், மகன் விளையாடுவான் என்கிறீர்கள். அவனுக்கு இரண்டு வயதுதானே, வாயில் வைப்பான், கழன்ற சக்கரம் ஆபத்து. நான் என்னுடையதை எடைக்குப் போடுவதுபோல் விற்றேன், இன்னமும் அந்த ஒரு மஞ்சள் கார்தான் உறுத்துகிறது. உங்களுக்கு அப்படிப்பட்டது ஒரு பத்து இருக்கும், அதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடுங்கள். அடிப்பகுதிப் படங்களைப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.