நாயின் காலில் பூட்டிய பிளேட் கழன்றுவிட்டது: வைத்தியரிடம் நட்டஈடு கேட்கலாமா?

கேள்வி: ஓட்டோ மோதி எங்கள் நாயின் பின்னங்கால் கணுக்கால் மூட்டு விலகிவிட்டது. தனியார் மிருக வைத்தியர் ஒருவர் பிளேட் பூட்டி மூட்டை நிரந்தரமாக இறுக்கினார். ஐந்தாம் கிழமை பிளேட் கழன்றது. கட்டுக்குள் பாதத் தோலும் அழுகியிருந்தது. மறுபடி செய்ய அவரே காசு கேட்கிறார். வழக்குப் போடலாமா? (வாசகர், உப்புவெளி)

பதில்: போடலாம். ஆனால் பிளேட் கழன்றதை மட்டும் வைத்து வெல்ல முடியாது. சாதாரண திறமையுள்ள மிருக வைத்தியர் காட்டும் கவனத்தை இவர் காட்டினாரா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும்.

இந்தச் சத்திரசிகிச்சையில் குருத்தெலும்பை முழுக்கச் சுரண்டி எடுத்து, எலும்புத் துகள் நிரப்பி இறுக்கினால்தான் எலும்புகள் ஒட்டும். குருத்தெலும்பு மிஞ்சினால் ஒட்டாது. பாரம் முழுவதும் பிளேட்டில் விழுந்து ஸ்குரூ தளரும். ஆகவே சத்திரசிகிச்சைக் குறிப்பையும், முடிந்த அன்று எடுத்த எக்ஸ்ரேயையும் எழுத்தில் கேளுங்கள். அன்று எக்ஸ்ரேயே எடுக்கவில்லை என்றால் அதுவும் உங்களுக்குச் சாதகம்தான். மூட்டை இறுக்கும் கோணம் நாய்க்கு ஏறக்குறைய 135 முதல் 145 பாகையாக இருக்க வேண்டும்; அதை எக்ஸ்ரேயிலேயே அளக்கலாம்.

என் கணிப்பில் தோல் அழுகியதே பலமான பகுதி. உட்பக்கம் பிளேட் பூட்டும்போது இது வரக்கூடியது என்பது தெரிந்த விஷயம். இறுக்கமான கட்டும் இதைக் கொண்டுவரும். நடு விரல்களின் நகங்கள் இரண்டும் விலகி நின்றால் அது வீக்கத்தின் அடையாளம், அப்படி நின்றாலோ நாற்றம் வந்தாலோ உடனே கொண்டுவா என்று உங்களுக்குச் சொன்னாரா? கட்டை எத்தனை நாளுக்கொருமுறை மாற்றினார்?

அவர் தரப்பு நிச்சயம் கேட்கும்: கூட்டில் அடைத்து வைத்தீர்களா, முற்றத்தில் ஓட விட்டீர்களா? ஓட விட்டிருந்தால் 1968ஆம் ஆண்டின் பங்களிப்புக் கவனயீனச் சட்டப்படி நட்டஈடு குறையும்.

இலங்கையின் பொதுச் சட்டமான உரோம டச்சுச் சட்டத்தில் நாய் ஒரு சொத்து. செலவழித்த காசையும் மறுசிகிச்சைச் செலவையும் கேட்கலாம், மனவேதனைக்குக் கிடைக்காது. கவனயீன வழக்குக்கு இரண்டு வருடம், எழுதாத ஒப்பந்த மீறலுக்கு மூன்று வருடம் கெடு. தொகை சிறிதென்றால் முதலில் மத்தியஸ்த சபை. இணக்கம் வரவில்லை என்ற சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் ஏற்காது. மிருக வைத்தியர் சபை ஒழுக்காற்று விசாரணைக்கு மட்டும்தான். காசு வாங்கித் தராது. ஓட்டோக்காரர் மீதான கோரிக்கை தனி.

மறுசிகிச்சைதான் உங்கள் சாட்சியத்தை அழிக்கப் போகிறது. அதற்கு முன் வேறொரு வைத்தியரிடம் காட்டிப் புதிய எக்ஸ்ரேயும் எழுத்துமூல அபிப்பிராயமும் எடுங்கள். கழற்றும் பிளேட், ஸ்குரூக்களைக் குப்பையில் போட விடாமல் திகதி எழுதிய உறையில் வாங்கி வையுங்கள்.