நகைக்கடன் வட்டி ஏற்ற 40 நிமிடம்: சி++-க்கு மாறணுமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் கிளைகள் வைத்திருக்கும் நகைக்கடன் நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதுகிறேன். தினமும் ராத்திரி 1,20,000 கடன்களுக்கு வட்டி ஏற்ற, பைத்தானில் 40 நிமிடம் ஓடுகிறது. பாண்டாஸ் என்ற அட்டவணை நூலகத்தில் வரி வரியாகச் சுற்றுகிறேன். சில கணக்கில் பைசாவும் இடிக்கிறது. சி++-இல் திரும்ப எழுதவா?

பதில்: வேண்டாம். 40 நிமிடத்தை 1,20,000-ஆல் வகுத்தால் கடனுக்கு 20 மில்லிநொடி. பைத்தான் சுற்று மந்தம்தான், ஆனால் இந்த அளவுக்கு இல்லை. அநேகமாகச் சுற்றுக்குள்ளேயே ஒவ்வொரு கடனுக்கும் தரவுத்தளத்தை ஒரு தடவை கேட்கிறீர்கள். நேரம் எங்கே போகிறது என்று காட்டும் சிபுரொஃபைல் கருவியைப் போட்டு ஓட்டினால் தெரிந்துவிடும். படிப்பதை ஒரே வினவலாக்குங்கள், எழுதுவதையும் மொத்தமாக எழுதுங்கள். முக்கால்வாசி நேரம் அங்கேயே மிச்சமாகும்.

அடுத்து அசல், விகிதம், நாள் மூன்றையும் நம்பை என்ற எண்கணக்கு நூலகத்தின் தனித்தனி அணிகளாக்கி, மொத்தமாகப் பெருக்குங்கள். லட்சம் வரிகளுக்குச் சில மில்லிநொடி போதும். ஒரு பொறி உண்டு: தரவுத்தளத்தின் நியூமெரிக் நெடுவரிசை பைத்தானின் டெசிமல் வகை எண்ணாக வந்தால் பாண்டாஸ் அதைப் பொதுவான ‘ஆப்ஜெக்ட்’ வகையாக வைத்துக்கொள்ளும். பெயருக்குத்தான் நம்பை, வேகம் பழைய வேகமே. டீடைப்பை (நெடுவரிசையின் தரவு வகை) அச்சிட்டுப் பாருங்கள்.

பைசா இடிப்பதற்கு மருந்து, தொகையைப் பைசாவாக, இன்ட்64 (64 பிட்) முழு எண்ணாக வைப்பது. ஃப்ளோட்32 (32 பிட் தசம எண்) பக்கமே போகாதீர்கள். 1,67,772 ரூபாய் 16 பைசாவைத் தாண்டினால் ஒற்றைப் பைசா அதில் நிற்காது. நம்பையின் ரவுண்ட் சரிபாதியை இரட்டைப்படை எண்ணுக்குத் தள்ளும், 2.5 அங்கே 2 ஆகிவிடும். கவுன்டரில் 3 என்றுதான் எதிர்பார்ப்பார்கள். அதனால் விகிதத்தையும் நூறால் பெருக்கி (12% என்றால் 1200) இப்படிப் போடுங்கள் (‘//’ என்பது மீதியை விட்டுவிடும் முழு எண் வகுத்தல்):

(அசல் × விகிதம் × நாள் + 18,25,000) // 36,50,000

50,000 ரூபாய், 12%, 30 நாள்: 493 ரூபாய் 15 பைசா. ‘நூத்துக்கு மாசம் ஒரு ரூபா’ என்று பேசியிருந்தால் அதே கடனுக்கு 500 ரூபாய். கடன் பத்திரத்தில் எது இருக்கிறதோ அதைத்தான் நிரலில் எழுத வேண்டும், இதில் நூலகம் ஒன்றும் உதவாது. விண்டோஸில் நம்பை 2-க்கு முந்தைய பதிப்பு என்றால் முழு எண்ணின் இயல்பு அளவு 32 பிட். பெருக்கல் நிரம்பி வழிந்தாலும் பிழை காட்டாது, கழித்தல் குறியோடு வட்டி வந்து நிற்கும். இன்ட்64 என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

நாளுக்கேற்ப வட்டி ஏறும் திட்டங்களுக்கு, நாள் எந்த எல்லைக்குள் விழுகிறது என்று தேடித்தரும் நம்பையின் சர்ச்சார்ட்டட் போதும். எல்லை 90 என்றால், இயல்பான ‘லெஃப்ட்’ 90-ஆம் நாளைப் பழைய விகிதத்தில் வைக்கும். ‘ரைட்’ புது விகிதத்துக்குத் தள்ளும். வாடிக்கையாளர் சண்டை வருவது பெரும்பாலும் இந்த ஒரு நாளில்தான்.

இடையிடையே பணம் கட்டிய கடன்களில் நேற்றைய பாக்கி தெரியாமல் இன்றைய வட்டி போட முடியாது. அதற்கு மட்டும் சாதாரணச் சுற்றையே எழுதி, பைத்தானை இயந்திர மொழியாகத் தொகுக்கும் நம்பா நூலகத்தின் என்ஜிட் குறிப்பை அதன்மேல் போடுங்கள். முதல் ஓட்டம் தொகுப்புக்காகச் சில நொடி இழுக்கும். தொகுத்ததைச் சேமித்துவைக்கும் ‘கேஷ்’ என்பதை ட்ரூ ஆக்கினால் மறுநாள் இழுக்காது.

மாற்றியதும் பழைய நிரலை நிறுத்தாதீர்கள். ஒரு மாதமுடிவு தாண்டும்வரை இரண்டையும் ஓட்டி, ஒரு பைசா வேறுபடும் கடன் எண்களை மட்டும் தனியே அச்சிட்டுக் காரணம் பாருங்கள்.