ஐஸ் ஹாக்கி ஸ்கேட்டில் ஓட வருகிறது, நிற்க வரவில்லை. எப்படிக் கற்றுக்கொண்டீர்கள்?

சுவரில் மோதித்தான் நிற்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு குளிர்காலம் முழுக்க நானும் அப்படித்தான் நின்றேன். கோயம்புத்தூரில் வளர்ந்து, 39 வயதில் டொராண்டோவில் முதல்முறையாக ஸ்கேட் கட்டியவன். மகளை ஹாக்கி வகுப்பில் விட்டுவிட்டு வெளியே நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு நாமும் இறங்கிப் பார்க்கலாமே என்று தோன்றியது, அவ்வளவுதான். மூன்று வாரத்தில் முன்னால் போக வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் பிரச்சினையே. வேகம் வந்துவிட்டது, பிரேக் வரவில்லை.

டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில், ஆல்பர்ட் கேம்பெல் சதுக்கத்தில் திறந்தவெளி ரிங்க் (ஸ்கேட் செய்யும் ஐஸ் தளம்) ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை போனால் நாலு பக்கமும் தமிழ் கேட்கும். அங்கே ஒருநாள் நான் போன வேகத்தைப் பார்த்துவிட்டு, ஓரத்தில் நின்ற ஒரு யாழ்ப்பாணத்து அம்மா "தம்பி, கவனம்!" என்று கத்தினார். அந்தச் சொல் முடிவதற்குள் நான் தரையில் இருந்தேன்.

என் தப்பு என்னவென்றால், நான் சைக்கிள் பிரேக்கை மனதில் வைத்துக்கொண்டு செய்தேன். அழுத்தினால் நிற்கும், இன்னும் அழுத்தினால் இன்னும் சீக்கிரம் நிற்கும். ஐஸில் அப்படி இல்லை. பிளேடைத் திருப்பி அழுத்தினால் ஓரம் ஐஸில் கவ்விக்கொள்ளும். கால் அங்கேயே நின்றுவிடும், உடம்பு மட்டும் தொடர்ந்து போகும். மகள்தான் சொன்னாள்: "அப்பா, நீங்க ஐஸை மிதிக்கிறீங்க. மிதிக்கக் கூடாது, சீவணும்." ஏழு வயது அவளுக்கு அப்போது.

தேங்காய் துருவுவதை நினைத்துக்கொள்ளுங்கள். மூடியைத் துருவியில் குத்தி அழுத்தினால் ஒன்றும் வராது. மேலாக இழுத்தால் பூப்போல உதிரும். நிற்பது என்பது ஐஸை அப்படித் துருவுவதுதான். பிளேடு பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போக வேண்டும், போகிற வழியில் மெல்லிசாகச் சீவ வேண்டும். அந்தச் சீவலில்தான் வேகம் கரைகிறது. முதலில் வழுக்க விட வேண்டும், அழுத்தம் அதற்கு அப்புறம். இது புரிய எனக்கு ஒரு வருஷம் ஆனது.

புரிவதற்கும் காலுக்கு வருவதற்கும் நடுவில் நிறைய தூரம். நான் பழகியது இப்படி. சுவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றேன். ஒரு காலில் எடையை வைத்துவிட்டு, மற்றக் காலின் பிளேடைக் கிட்டத்தட்ட நேராக நிமிர்த்தி வைத்து, வெளிப்பக்கமாகத் தள்ளித் தள்ளிச் சீவினேன். கணுக்கால் அதிகம் சாய்ந்தால் பிளேடு கவ்வும், நிமிர்ந்திருந்தால் வழுக்கும். 'ஷ்ஷ்' என்று சத்தம் வந்து ஓரத்தில் வெள்ளைத் துருவல் சேர்ந்தால் சரியாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம். ஒவ்வொரு தடவை போகும்போதும் காலுக்குப் பத்து நிமிடம். பார்ப்பவர்களுக்கு நீங்கள் சுவரைத் தள்ளுவதுபோலத் தெரியும். பரவாயில்லை.

அப்புறம் அதையே மெதுவாகப் போய்க்கொண்டு செய்யுங்கள். கால்விரல்களைக் கொஞ்சம் உள்பக்கம் திருப்பி, குதிகாலை வெளியே தள்ளி, ஒற்றைக் காலால் சீவுவது. இதற்கு ஸ்னோப்ளோ என்று பெயர். பொதுமக்கள் நேரத்தில் ஸ்கேட் செய்வதற்கு இது ஒன்றே போதும். நிறையப் பேர் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

ஆனால் நீங்கள் கேட்டது இரண்டு காலையும் ஒரே பக்கம் திருப்பிச் சட்டென்று நிற்கிற ஹாக்கி ஸ்டாப். அதில் சூட்சுமம் முழங்காலில் இருக்கிறது. மடித்த முழங்காலோடு வந்து, திருப்புகிற கணத்தில் லேசாக எழுந்துகொள்ள வேண்டும். அப்போது ஸ்கேட் மேல் எடை குறையும், பிளேடு சுலபமாகத் திரும்பும். திரும்பியதும் நாற்காலியில் உட்காருவதுபோல மறுபடி கீழே போக வேண்டும். எழாமல் திருப்பினால் முழு எடையும் பிளேடில் இருக்கும், கவ்விவிடும். திரும்புவது இடுப்புக்குக் கீழேதான், நெஞ்சு போகிற திசையையே பார்த்திருக்கட்டும். தோளையும் சேர்த்துத் திருப்பினால் நிற்க மாட்டீர்கள், வட்டமடித்துப் போய்விடுவீர்கள்.

முன்கால் பிளேடின் உள் ஓரத்தில் சீவும், பின்கால் பிளேடின் வெளி ஓரத்தில் சீவ வேண்டும். இந்தப் பின்கால்தான் எல்லாரையும் அழ வைக்கும். நான் ஒரு மாதம் அதைத் தூக்கியே வைத்திருந்தேன், முன்கால் மட்டும் வேலை செய்தது. பிறகு அது தானாக வந்து சேர்ந்துகொண்டது. இன்னொன்று, மிக மெதுவாகப் போனால் ஹாக்கி ஸ்டாப் வராது. வழுக்குவதற்கே வேகம் போதாமல் பிளேடு மாட்டிக்கொள்ளும். மெல்ல ஓடுகிற அளவுக்காவது வேகம் வேண்டும். பயந்து பயந்து வேகத்தைக் குறைத்ததால்தான் நான் அதிகம் விழுந்தேன்.

பிளேடின் முன்முனையில் பல் வைத்த ஃபிகர் ஸ்கேட்டுக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பல் தாவுவதற்கும் சுழல்வதற்கும். அதை ஊன்றி நிற்கப் பார்த்தால் முகம்தான் ஐஸில் ஊன்றும். ஸ்கேட்டை மாற்றுவதற்கு முன் பிளேடை எப்படித் தீட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஹாக்கி பிளேடின் அடிப்பக்கம் கத்திபோல ஒற்றைக் கூர் கிடையாது. நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும், அதன் இரண்டு பக்கமும் இரண்டு ஓரம். பள்ளத்தின் வளைவை ஆரம் வைத்துச் சொல்வார்கள். ஆரம் சிறிதானால் பள்ளம் ஆழம், பிடிப்பு அதிகம். என்னுடையது 1/2 அங்குலத்தில் இருந்தது. என் எடைக்கு அது கவ்வியதே தவிர வழுக்கவில்லை. கடைக்காரரிடம் 5/8 அங்குலத்துக்குத் தீட்டச் சொன்னேன். அன்றைக்கே வித்தியாசம் தெரிந்தது. வாடகை ஸ்கேட் வேறு கதை, பெரும்பாலும் மொட்டையாக இருக்கும். வழுக்கும், ஆனால் எதையும் பிடிக்காது.

ஐஸும் ஒரே மாதிரி இருக்காது. வெயில் பட்ட திறந்தவெளி ரிங்க்கில் ஐஸ் இளகி, பிளேடு ஆழமாக இறங்கும். கடுங்குளிர் நாளில் கல்போல இருக்கும், சீவவே யோசிக்கும். பழகுவதற்கு நல்ல நேரம், ஐஸைச் சீவித் தண்ணீர் விட்டுச் சமன்செய்யும் ஸாம்போனி வண்டி ஓடி, அந்தத் தண்ணீர் உறைந்த பிறகு. (அந்த வண்டியை 1949இல் செய்த ஃபிராங்க் ஸாம்போனி இருந்தது கலிஃபோர்னியாவில், லாஸ் ஏஞ்சலஸுக்குப் பக்கத்தில். பனி விழுவதே அபூர்வமான ஊர்க்காரர்!)

ஹெல்மெட், முழங்கை உறை, முழங்கால் உறை போட்டுக்கொள்ளுங்கள். வெட்கமே வேண்டாம். உறை இருந்தால் பயம் குறையும், பயம் குறைந்தால் முழங்கால் மடியும். கை ஊன்றி விழாதீர்கள், மணிக்கட்டு போய்விடும். எனக்கு ஆறு வாரம் போனது.

இடப்பக்கம் திரும்பி நிற்க இப்போது நன்றாகவே வருகிறது. வலப்பக்கம் நாலு வருஷமாகியும் அரைகுறைதான். முதல்முறை சரியாக நின்றபோது என் பிளேடிலிருந்து பறந்த துருவல் மொத்தமும் மகள் மேல் போய் விழுந்தது. "அப்பா, கோலி மேல இப்படி அடிச்சா பெனால்டி குடுத்துருவாங்க" என்றாள். அவள் அப்போது கோலியாக, அதாவது கோல்கீப்பராகத்தான் ஆடிக்கொண்டிருந்தாள்.