பேக்பான் கடையில் நாம் என்ன சாப்பிடுவது?

வ அலைக்கும் ஸலாம், தம்பி. தென் கொரியாவின் சுவோனுக்கு வந்து 3 வாரம் ஆகிறது, ஆய்வகத்தில் எல்லோரும் மதியம் பக்கத்துத் தெருவிலுள்ள பேக்பான் கடைக்கு (சோறு, சூப், தொடுகறிகள் தரும் வீட்டுச் சாப்பாட்டுக் கடை) போகிறார்கள், நான் மட்டும் ரொட்டியும் வாழைப்பழமுமாகக் காலம் தள்ளுகிறேன், முஸ்லிம் ஒருவர் அங்கே உட்கார்ந்து சாப்பிட வழி உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு. 11 வருடமாக நான் அப்படித்தான் சாப்பிடுகிறேன். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற பன்றித் துண்டை ஒதுக்கினால் போதும் என்று நினைத்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். நான் ஏமாந்திருக்கிறேன்.

வந்த புதிதில் ஒரு கடையில் கிம்ச்சி ஜிகே, அதாவது காரம் போட்டுப் புளிக்கவைத்த முட்டைக்கோஸ் குழம்பு, கேட்டேன். "கோகி வேண்டாம்" என்று சொல்லத் தெரிந்திருந்தது. கோகி என்றால் இறைச்சி. கடைக்கார அம்மா தலையாட்டிவிட்டுப் போனார். கொதிக்கக் கொதிக்க வந்த சட்டியில் ஒரு துண்டுகூட இல்லை. பாதிக்கு மேல் சாப்பிட்ட பிறகு, கிம்ச்சி இலையின் மடிப்புக்குள்ளிருந்து கொழுப்போடு ஒட்டிய சிறு நறுக்கு கரண்டியில் வந்தது. விசாரித்தால், காலையிலேயே பன்றி இறைச்சி போட்டுக் கொதிக்கவிட்ட குழம்பு அது. எனக்காகப் பொறுமையாக உட்கார்ந்து துண்டுகளைப் பொறுக்கி எடுத்திருக்கிறார்! கறிக்குழம்பில் துண்டை ஒதுக்கிவிட்டுச் சைவக்காரருக்கு ஊற்றுகிற நம் ஊர்க் கதைதான். அவர் முகத்தைப் பார்த்தபோது கோபப்படவும் முடியவில்லை.

அன்றிலிருந்து "கோகி" என்ற பொதுச்சொல்லை நான் நம்புவதில்லை. ஹேம் (பதப்படுத்திய பன்றி இறைச்சி), ஸ்பேம் (டப்பாவில் அடைத்த அதே வகை) எல்லாம் பலருக்கு இறைச்சிக் கணக்கிலேயே வராது. ஆகவே ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: "துவேஜிகோகி மோன் மொகொயோ", அதாவது பன்றி இறைச்சி சாப்பிட முடியாது. அடுத்து ஹேம். அடுத்து குழம்புக்கான யுக்சு, கொதிநீர்ச் சாறு, எதில் எடுத்தது என்று. கடைசியாக மாட்சுல், மீன் வாடை போக ஊற்றுகிற சமையல் மது. கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, அதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். நன்றாகக் காரம் போட்டு முள்ளங்கியோடு கொதிக்கவைத்த வாளைமீன் குழம்பு, கால்ச்சி ஜோரிம், பார்த்தால் நம் வீட்டுக் குழம்புக்குத் தங்கச்சி மாதிரி இருக்கும். கேட்காமல் வாயில் வைக்காதீர்கள்.

இங்கே வீட்டுச் சாப்பாட்டுக் கடையில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. பெரிய சங்கிலிக் கடையில் மசாலா பொட்டலத்தில் வருகிறது, பரிமாறுகிற பையனுக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. பேக்பான் கடையிலோ சமைத்தவரே எதிரில் நிற்கிறார். அவரை இங்கே "இமோ" என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மாவின் தங்கை அல்லது அக்கா. எங்கள் காயல்பட்டினத்தில் சாச்சி, பெரியம்மா என்கிற முறை. 12 மணிக்கு அலுவலகக் கூட்டம் மோதும், அப்போது கேட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிவிடுவார். ஒன்றரை மணிக்குப் போங்கள். நான் போகிற கடையில் இமோ இப்போது நான் நுழைந்தாலே அடுப்பு வலையின் மேல் புதிய அலுமினியத் தாளை விரித்து அதில் என் மீனை வைக்கிறார். இதை நான் கேட்கவில்லை. மூன்றாம் மாதத்தில் அவராகவே செய்தது.

மீன் என்றால் உப்பு மட்டும் தடவிச் சுட்ட கொதுங்கோ. நம் கானாங்கெளுத்தியின் இனம், நெய் சொட்டும். அதோடு மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணத்தில் சோறு, சூப், நாலைந்து பஞ்சான், அதாவது தொடுகறிகள்: முளைகட்டிய சோயா, எள்ளெண்ணெய் விட்ட கீரை, பொரித்துப் பாகு சேர்த்த நெத்திலி, முட்டைச் சுருள். முட்டைச் சுருளைப் பிரித்துப் பாருங்கள், ஹேம் பொடியாக ஒளிந்திருக்கும். பஞ்சான் தீர்ந்தால் காசில்லாமல் திரும்பத் தருவார்கள். தண்ணீர் நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டும், கரண்டி பெரும்பாலும் மேசையின் பக்க இழுப்பறையில் இருக்கும். தேடி முழிக்காதீர்கள்.

தேன்ஜாங் ஜிகே, அதாவது புளித்த சோயா விழுதுக் குழம்பு, சில இடங்களில் சிப்பி போட்டு வரும், சில இடங்களில் பன்றி. சிப்பி விஷயத்தில் நான் ஷாஃபி மத்ஹப் (மார்க்கச் சட்டப் பிரிவு), எனக்குப் பெரிய தயக்கமில்லை. நீங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்து ராவுத்தர் குடும்பம் என்கிறீர்கள். ஹனஃபி மத்ஹபில் சிப்பியும் கணவாயும் கூடாது. ஆகவே என் தட்டைப் பார்த்து உங்கள் தட்டை நிரப்பாதீர்கள். கிம்ச்சியில் மீன் சாறும் உப்பிட்ட இறாலும் கிடக்கும். கடைச் சோயா சாஸ், கொச்சுஜாங் (மிளகாய் விழுது) பலவற்றில் கெடாமல் இருக்க எத்தனால் சேர்ப்பது உண்டு. அதற்கு என்ன தீர்ப்பு என்று உங்கள் ஊர் ஹஜ்ரத்திடம் கேளுங்கள், நான் முஃப்தி இல்லை. மாடும் கோழியும் இந்தக் கடைகளில் நான் தொடுவதே இல்லை. கறி ஆசை வந்தால் தலைநகர் சியோலுக்குப் போய், இதேவோன் பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுதுவிட்டு அந்த ஏற்றத்தில் இருக்கிற ஹலால் கடைகளில் தீர்த்துக்கொள்கிறேன். 1976இல் திறந்த பள்ளி அது, ஒருமுறையாவது போய்வாருங்கள்.

பக்கத்து மேசையில் சோஜு என்கிற மது குடிப்பார்களே, அங்கே உட்காரலாமா என்று கேட்டீர்கள். மதியத்தில் அது குறைவு. இரவு விருந்துக்கு, ஹ்வேஷிக்குக்கு, கூப்பிடும்போது அது வேறு கதை. நான் முதல் கால் மணி நேரம் முகம் காட்டிவிட்டு எழுந்துவிடுவேன், யாரும் தவறாக எடுத்துக்கொண்டதில்லை. அங்கே "சைதா" என்று நீட்டினால் பயப்படாதீர்கள், நம் ஊர் எலுமிச்சைச் சோடா மாதிரிதான்.

ஒன்று மறந்துவிட்டேன். சில கடைகளில் 2 பேருக்குக் குறைந்தால் பரிமாற மாட்டார்கள், சுவரில் எழுதியிருக்கும். உங்கள் தெருக் கடையிலும் அப்படியிருந்தால் சனிக்கிழமை பார்த்துச் சொல்லுங்கள், இரண்டாவது ஆளாக நான் வருகிறேன். இமோவிடம் நானே பேசிவிடுகிறேன்.