கேள்வி–பதில்: மஸ்டாங்கின் அடிச்சட்டத்தை உறுதியாக்குவது எப்படி?

கேள்வி: என்னிடம் 1966-ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் கூப்பே, வி8 எஞ்சினுடன் இருக்கிறது. மேடுபள்ளமான சாலையில் டேஷ்போர்டு கிடுகிடுக்கிறது. பின்பக்கத்தில் ஒரு மூலையை ஜாக்கி வைத்துத் தூக்கினால் அந்தப் பக்கக் கதவு சரியாக மூடுவதில்லை. ‘சப்ஃபிரேம் கனெக்டர்’ வைத்தால் போதும் என்றும், இரட்டைத் தூண் லிஃப்டில் ஏற்றி ஒரே நாளில் பற்றவைத்துத் தருவதாகவும் பட்டறையில் சொல்கிறார்கள். செய்யலாமா?
— வாசகர், ஸ்கார்பரோ, கனடா

பதில்: தாராளமாகச் செய்யலாம், ஆனால் அந்தப் பட்டறை சொல்லும் முறையில் வேண்டாம்.

1964 ஏப்ரலில் வெளிவந்த முதல் தலைமுறை மஸ்டாங், ஃபோர்டின் ஃபால்கன் காரின் அடித்தளத்தைக் கொண்டு உருவானது. லாரிக்கு இருப்பதுபோல முன்னிருந்து பின்வரை ஓடும் தனிச் சட்டம் அதற்குக் கிடையாது. அடியில் நீளவாக்கில் செல்லும் எஃகுச் சட்டங்களான ரெயில்களில், எஞ்சினைத் தாங்கும் முன் ரெயில்கள் முன்னிருக்கையின் அடியோடு நின்றுவிட, பின் ரெயில்கள் பின்னிருக்கைக்கு அருகில்தான் தொடங்குகின்றன. இடையில் இரண்டையும் பிணைப்பவை தரைத் தகடும் கதவுக்குக் கீழுள்ள ராக்கர் பகுதியும் மட்டுமே. கூரையில்லாத கன்வெர்ட்டிபிளுக்கு ஃபோர்டு நிறுவனமே அடியில் கூடுதல் வலுவூட்டல் கொடுத்திருந்தது. முன் ரெயிலையும் பின் ரெயிலையும் இணைக்கும் எஃகுக் குழாயே கனெக்டர்.

இது காரை நேராக்குவதில்லை. பற்றவைக்கும்போது உடல் எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவிலேயே இறுக்கிவிடுகிறது. இரட்டைத் தூண் லிஃப்டில் வண்டியின் நடுப்பகுதியைத் தாங்கும்போது, எஞ்சினின் எடையால் முன்பகுதி தொய்ந்து, கதவு இடைவெளிகள் மாறுகின்றன. அந்நிலையில் வெல்டிங் செய்தால் கோணல் நிரந்தரமாகிவிடும். எனவே வண்டி தன் முழு எடையோடு சக்கரங்களின் மீது நிற்கும்படி நான்கு தூண் லிஃப்டில் ஏற்றி, கதவு இடைவெளிகளை அளந்து குறித்துக்கொண்ட பின்பே வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். தகடு சூட்டில் நெளியாதிருக்க, சிறுசிறு துண்டுகளாக, இடமும் வலமும் மாற்றி மாற்றிப் பற்றவைக்க வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றி, இருக்கைகளையும் கம்பளத்தையும் வெளியே எடுத்துவிட்டு, தரையடியில் செல்லும் பெட்ரோல் குழாயையும் பிரேக் குழாயையும் விலக்கி வைப்பது அவசியம்.

அதற்கும் முந்தைய வேலை ஒன்று உண்டு. உங்கள் ஊரில் குளிர்காலத்தில் சாலையில் தூவப்படும் உப்பு, ராக்கர்களையும், அவற்றை ரெயிலோடு இணைக்கும் ‘டார்க் பாக்ஸ்’ பகுதியையும் உள்ளிருந்தே அரித்துவிடக்கூடியது. தூக்கும்போது கதவு மூடாததைப் பார்த்தால், எனக்கு முதலில் துருவின் மீதுதான் சந்தேகம் வருகிறது. கூரான ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால், தகட்டை மாற்றாமல் கனெக்டர் வாங்குவது வீண் செலவு.

டேஷ்போர்டின் அதிர்வுக்கு முன்பகுதியையும் கவனிக்க வேண்டும். இந்தக் காரின் முன் ஸ்பிரிங்குகள், சக்கரத்தைத் தாங்கும் இரு கைகளில் மேற்கையின் மீது அமர்ந்து, சுமையை நேராக ஷாக் டவர்களுக்கே (எஞ்சினின் இருபுறமும் ஸ்பிரிங்கின் மேல்முனையைத் தாங்கும் தகட்டுக் கோபுரங்கள்) அனுப்புவதால், அந்த டவர்கள் காலப்போக்கில் உட்புறம் சாய்கின்றன. டவர்களை எஞ்சின் அறையின் பின்சுவரோடு பிணைக்கும் ஒரே துண்டான ‘எக்ஸ்போர்ட் பிரேஸ்’, இரு டவர்களுக்கும் குறுக்கே செல்லும் ‘மான்டே கார்லோ பார்’ ஆகிய இரண்டும் 1965-இல் மஸ்டாங்கின் அதிவேக வடிவமான ஷெல்பி ஜிடி350-இல் இடம்பெற்றவை. வெல்டிங் தேவையில்லை, போல்ட்டுதான் என்பதால் வேண்டாமென்றால் கழற்றியும் விடலாம். நானாக இருந்தால், துருவைச் சோதித்த பிறகு, வலுவூட்டும் வேலையை இதிலிருந்துதான் தொடங்குவேன். பாரின் நீளத்துக்கு டவர்களின் இடைவெளி குறைவாக இருந்தால், பாரை வெட்டவோ துளையை அகலப்படுத்தவோ விடாதீர்கள். டவர்கள் சாய்ந்துவிட்டன என்பதற்கு அதுவே அடையாளம் என்பதால், அவற்றை அளவுக்குக் கொண்டுவந்த பிறகே பொருத்த வேண்டும்.