எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் நானோ துகள் எண்ணெய்க்கும் நீருக்கும் இடையில் ஏன் போய் உட்கார்ந்துவிடுகிறது?

சோப்பு மூலக்கூற்றுக்கு நீரை நாடும் தலையும் எண்ணெயை நாடும் வாலும் இருப்பதால் அது எல்லையில் நிற்பது புரிகிறது, ஆனால் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒன்றாகவே இருக்கும் சிலிக்கா உருண்டை ஏன் அங்கே நிற்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளிச் செயல்திட்டத்துக்காகச் சிலிக்கா நானோ துகள் கலந்த நீரையும் எண்ணெயையும் சேர்த்துக் குலுக்கியபோது, சில நிமிடங்களிலேயே இரண்டும் பிரிந்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சிங்கப்பூரின் ஜூரோங் தீவில் கச்சா எண்ணெய் மாதிரிகளைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் நான் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். எண்ணெயும் நீரும் சந்திக்கும் அந்த மெல்லிய எல்லைதான் என் அன்றாடப் பிழைப்பு என்பதால், இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

துகளைச் சோப்பின் பெரிய வடிவமாக நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. எண்ணெயும் நீரும் தொட்டுக்கொள்ளும் ஒவ்வொரு சதுர நானோமீட்டருக்கும் ஆற்றல் செலவாகிறது, அதைத்தான் பரப்பு இழுவிசை என்ற பெயரில் அளக்கிறோம். ஓர் உருண்டை அந்த எல்லையில் பாதி அமிழ்ந்து உட்கார்ந்தால், அது அடைத்துக்கொண்ட வட்டத்துக்குள் எண்ணெயும் நீரும் தொட்டுக்கொள்ள இடமே இல்லாமல் போகிறது. அந்த வட்டத்தின் பரப்புக்குரிய ஆற்றல் மிச்சமாகிறது. துகளுக்கு இரண்டு முகங்கள் தேவையில்லை; இரு திரவங்களாலும் ஓரளவு நனையக்கூடியதாக இருந்தால் போதும். இப்படித் துகள்கள் எல்லையில் நின்று காக்கும் பால்மங்களைப் பற்றி, அதாவது ஒரு திரவம் சிறு துளிகளாக மற்றதில் பரவி நிற்கும் கலவைகளைப் பற்றி, ராம்ஸ்டன் என்ற விஞ்ஞானி 1903-லும் பிக்கரிங் என்ற விஞ்ஞானி 1907-லும் எழுதினார்கள், பெயர் என்னவோ பிக்கரிங்குக்கே நிலைத்துவிட்டது.

எவ்வளவு மிச்சமாகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால்தான் இதன் வலிமை தெரியும். ஆரத்தின் வர்க்கம், பரப்பு இழுவிசை, பை ஆகிய மூன்றையும் பெருக்கி, ஒன்றிலிருந்து சேர்கோணத்தின் கொசைன் அளவைக் கழித்து வருவதன் வர்க்கத்தால் மறுபடி பெருக்க வேண்டும். எண்ணெய்-நீர் எல்லை துகளைத் தொடும் இடத்தில் நீரின் பக்கமாக அளக்கும் கோணமே சேர்கோணம்; நீர் எவ்வளவு எளிதாக நனைக்கிறதோ அவ்வளவு அது சிறியது. இழுவிசையை மீட்டருக்கு 50 மில்லிநியூட்டன் என்று கொண்டால், 10 நானோமீட்டர் ஆரமும் 90 பாகை சேர்கோணமும் உள்ள துகளைப் பிடுங்கி எடுக்க, அறை வெப்பநிலையில் ஒரு துகளை அலைக்கழிக்கும் வெப்ப ஆற்றலைப் போல ஏறக்குறைய 3,800 மடங்கு தேவைப்படுகிறது. மூலக்கூறுகளின் தள்ளுமுள்ளால் அது தானாக வெளியேறவே முடியாது. அதே துகளின் ஆரம் 1 நானோமீட்டராகக் குறைந்தால் 38 மடங்குதான். 10 நானோமீட்டர் துகளையே நீர் மிக எளிதாக நனைக்கிறது, சேர்கோணம் 30 பாகைதான் என்றால், 3,800 என்பது 70-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஆகவே நானோ அளவில் ஒட்டிக்கொள்வதும் நழுவுவதும் அருகருகே இருக்கின்றன. மிகச் சிறியவை எல்லைக்கு வந்துவந்து போகின்றன, சற்றுப் பெரியவை வந்து அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் இதை நேரில் காணலாம். கண்ணாடிக் குடுவையில் கச்சா எண்ணெயும் நீரும் பிரிந்து நிற்கும்போது, இரண்டுக்கும் நடுவில் பழுப்பு நிறத்தில் கலங்கிய ஒரு பட்டை பல சமயம் நீங்காமல் நிற்கும், அதை நாங்கள் ரேக் லேயர் என்போம். கச்சா எண்ணெயிலுள்ள கனமான மூலக்கூறுகளான அஸ்பால்டீன்களின் திரள்களும் எண்ணெய் படிந்த நுண்ணிய களிமண்ணும் நீர்த்துளிகளைப் போர்த்தி நிற்பதால், துளிகள் ஒன்றையொன்று தொட்டாலும் சேர்வதில்லை. ஒரு முறை, அத்தகைய எண்ணெய்க்குள் ஊசிமுனையில் ஒரு சொட்டு நீரைத் தொங்கவிட்டு, அரை மணி நேரம் காத்திருந்து, நீரை மெல்லத் திரும்ப உறிஞ்சினேன். சுத்தமான எண்ணெயாக இருந்தால் சொட்டு உருண்டையாகவே சுருங்கி மறைந்திருக்கும். இங்கோ அதன் மேல், காய்ச்சி ஆறிய பாலைச் சாய்க்கும்போது பாலாடை மடிவதைப் போல, ஊசியின் கழுத்தருகே மெல்லிய சுருக்கங்கள் விழுந்தன. திரவத்தின் எல்லை திடப்பொருளின் தோலாக மாறியிருந்ததை அன்றுதான் என் கண்ணால் கண்டேன், இன்றும் அந்தக் காட்சி என்னை வியக்க வைக்கிறது.

ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். ரசத்தின் மேல் மிதக்கும் தாளித்த கடுகுகள் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்து கூட்டம் சேர்வதைப் பார்த்திருப்பீர்கள். அவை தம் எடையால் நீர்ப்பரப்பை வளைப்பதால்தான் அப்படி நகர்கின்றன. நானோ துகளின் எடை பரப்பை வளைக்கப் போதாது என்பதால் அந்த விளக்கத்தை இங்கே கொண்டுவரக் கூடாது; எல்லையில் அவை நெருங்குவதையும் விலகுவதையும் பெரும்பாலும் மின்னூட்டமும் மூலக்கூற்று ஈர்ப்புமே தீர்மானிக்கின்றன.

உங்கள் குடுவையில் நடந்ததும் இதோடு தொடர்புடையதே. சாதாரண சிலிக்காவை நீர் முழுமையாக நனைத்துவிடுவதால், சேர்கோணம் மிகச் சிறியது. எல்லையில் நின்று அது சம்பாதிப்பது கொஞ்சம்தான். அதற்கும் மேலாக, நீரில் சிலிக்காவின் பரப்பு எதிர்மின்னூட்டம் பெறுகிறது, எண்ணெய்த் துளியின் பரப்பும் பொதுவாக அப்படியே இருப்பதால், துகள் எல்லையை எட்டும் முன்பே தள்ளப்படுகிறது. எட்டிய பிறகும் உடனே அமைதியடைவதில்லை: 2012-இல் வெளியான ஹோலோகிராபி (லேசர் ஒளியால் முப்பரிமாண இடத்தைப் பதிவுசெய்யும் முறை) அளவீடுகளில், எல்லையைத் துளைத்த நுண்ணுருண்டைகள் தம் சமநிலைக்கு மடக்கை வேகத்தில், அதாவது நேரம் செல்லச் செல்ல மேன்மேலும் மெதுவாகவே நகர்ந்தன. எனவே அடுத்த முறை, பரப்பின் ஒரு பகுதி மட்டும் நீர்வெறுக்கும்படி பதப்படுத்தப்பட்ட சிலிக்காவைக் கேட்டு வாங்குங்கள். நீரில் சிட்டிகை உப்பு சேர்த்தால் மின் விலக்கம் தணியும். கையால் குலுக்குவதற்குப் பதிலாக, ஆசிரியர் மேற்பார்வையில் வேகமாகச் சுழலும் கலக்கியைப் பயன்படுத்துங்கள். கலக்கி நின்றதும் துளிகள் சிறிது நேரம் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகும். மொத்தப் பரப்பு குறையக் குறையத் துகள்கள் நெருங்கி, போர்வை முழுதாக மூடிய கட்டத்தில் சேர்வது நின்றுவிடும். துகளின் அளவைக் கூட்டிக் குறைத்து அந்தத் துளிகளின் விட்டத்தை அளந்தீர்களானால், உங்கள் செயல்திட்டத்துக்கு அதுவே நல்லதொரு வரைபடம் தரும்.